படிவத்தில் இல்லாத கட்டம்

வியன்னா, 1942 ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகல். இன ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் எகோன் ராட்டிங்கர், முகம் அளந்து சான்று தருபவர்.

லெயோபோல்டினே ஹிர்ஷல், வயது நாற்பத்து மூன்று, துணி துவைத்துப் பிழைப்பவள். பிறப்பால் கத்தோலிக்கப் பெண், யூதரை மணந்தவள். வீட்டில் போல்டி.

இர்மா ஹிர்ஷல், அவள் மகள், வயது பதினேழு. கோட்டில் மஞ்சள் நட்சத்திரம்.

பிறகு வந்தவர்: ஃபெர்டினாண்ட் பிஹ்லர், போல்டியின் தம்பி, வீட்டில் ஃபெர்டில், அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளி, கட்சிக்காரர்.

கீழே வாசலில் ஒரு போலீஸ்காரர். அவர் மேலே வரவில்லை.

— தாடையை ஆட்டாதே, பொண்ணே. இடுக்கி முனை கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு.

— சில்லுனு இருக்கு, டாக்டர்.

— இரும்புன்னா சில்லுனுதான் இருக்கும். நூத்தி முப்பத்தி ஏழு... கவனிங்க அம்மணி, நீங்க ஏன் கதவையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

— கீழ போலீஸ்காரர் நிக்கிறாரு, டாக்டரய்யா. அஞ்சு மணிக்குள்ள இவள அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கூட்டிப் போயிடணுமாம். அங்கதான் எல்லாரையும் அடைச்சு வச்சிருக்காங்க. வியாழக்கிழமை ரயிலு. இவ பேரு நானூத்திப் பதினொண்ணாவது.

— தெரியும், கோப்புல இருக்கு. உங்க கதையை இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க. எழுதிக்கணும்.

— மறுபடியுமா? பொண்ண வச்சுக்கிட்டா?

— எலும்புக்கு வெட்கம் கிடையாது, அம்மணி. சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல. இருபத்தி நாலுல எங்க வீட்ல பகல்படுக்கைக்கு ஒருத்தர் இருந்தாரு. ஆலோய்ஸ் ஷ்டாங்கல்னு பேரு. ரொட்டிக்கடையில ராத்திரி வேலை. விடிஞ்சதும் வந்து எங்க கட்டில்ல படுப்பாரு. சாயங்காலம் அவரு எந்திரிச்சுப் போனாத்தான் நாங்க படுக்க முடியும். ஊர்ல பாதி வீட்ல அப்படித்தான இருந்துச்சு அப்ப.

— உங்க புருஷன்?

— பகல்ல கடிகாரக் கடையில.

— யூதன்.

— யூதருதான்.

— நீங்க பகல்ல எங்க?

— வீட்ல, துவைச்சுக்கிட்டு.

— எத்தனை அறை வீடு?

— ஒண்ணு. அந்த வருஷம் குளிரும் ஜாஸ்தி. போதுமா, இல்ல இன்னும் வேணுமா?

— ம்மா...

— நீ வாய மூடு, இர்மா. ஆமா டாக்டரய்யா, இவ அந்த ரொட்டிக்காரரோட பொண்ணு. பதினேழு வருஷமா அதை நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்தேன். இப்ப கையெழுத்துப் போட்டுத் தரேன். அவரு முப்பத்தி ஒண்ணுல நெஞ்சுச் சளி வந்து செத்துட்டாரு. ஒத்தக்கட்டை. சர்ச்சுலேருந்து சீட்டு வாங்கி வச்சிருக்கேன், தாத்தா பாட்டி எல்லாருக்கும் ஞானஸ்நானம் ஆனது வரைக்கும்.

— பாத்தேன். சீட்டு சரியாத்தான் இருக்கு. புருஷன் இப்ப எங்க?

— முப்பத்தி ஒன்பதுல ஆம்பளைங்களை மட்டும் போலந்துப் பக்கம் ரயில் ஏத்தினாங்களே, அதுல போனாரு. ஒரு கார்டு வந்துச்சு. அவ்வளவுதான்.

— அந்த ரயில்ல போனவனுங்க சில பேர் நழுவித் திரும்பி வந்து இங்கயே ஒளிஞ்சிருக்கானுங்க, தெரியுமா?

— எங்க வீட்டுக்கு யாரும் வரல. வந்தா என் தம்பிக்குத் தெரியாம போகாது. பத்து மணிக்கு வாசக்கதவப் பூட்டுறவன் அவன்தான். எங்க யார்கிட்டயும் சாவி கிடையாது.

— உங்க தம்பின்னதும் ஞாபகம் வந்தது. இந்தப் பொண்ணைப் பத்தி முதல்ல எழுதிப் போட்டதே அவர்தானே? இதோ. “என் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு யூதச்சி, தாய் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டு...” கையெழுத்து நல்லா இருக்கு.

— சின்ன வயசுல அவனுக்கு எழுதச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

— ஏன் அப்படி எழுதினார்?

— எங்களுக்கு ரெண்டு ஜன்னல், டாக்டரய்யா. அவனுக்கு ஒண்ணுதான், அதுவும் முற்றத்தைப் பாத்த மாதிரி.

— சொந்த அக்கா பொண்ணை, ஜன்னலுக்காகவா? கட்சி உறுப்பினரை அப்படிப் பேசாதீங்க. ரத்தம் சுத்தமா இருக்கணும்னு எழுதியிருக்கார்.

— டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?

— கேளு, பொண்ணே.

— என் அம்மா பக்கம் எல்லாரும் கத்தோலிக்கர். நான் பிறந்தப்ப அப்பா யூதர் பதிவேட்டுல என் பேரை எழுதினாரு. அதனால நான் முழு யூதச்சின்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஹெட்டிக்கும் எனக்கு இருக்குற மாதிரியே அம்மா, அப்பா. அவ பேரை எழுதல, அதனால அவ பாதி. என் ரத்தம் உடம்புல இருக்கா, ஏட்டுல இருக்கா?

— இர்மா!

— பரவாயில்ல, அம்மணி. கவனி, பொண்ணே. ஏடு வக்கீலுங்களுக்கு. அவங்களுக்கு வேற வழி தெரியாது. அதுக்குத்தான் நான் இருக்கேன். எலும்பு பொய் சொல்லாது. தெருவுல பத்து பேர் நடந்து போனா யார் யூதன்னு அஞ்சாவது அடியில சொல்லிடுவேன்.

— அப்புறம் எதுக்கு நட்சத்திரம் தைக்கச் சொன்னீங்க?

— நாக்க அடக்குடி! மன்னிச்சுக்குங்க, டாக்டரய்யா. அஞ்சு நாளா அங்க தரையில படுத்துக் கிடக்குறா. தூக்கமில்ல.

— நாக்கு நீளம்தான். அதையும் எழுதிக்கலாம். சரி, உங்க தம்பியைக் கூப்பிடுறேன்.

— எதுக்கு?

— ரொட்டிக்காரர் விஷயத்துக்கு சாட்சி. அதே கட்டடத்துல இருந்தவர்தானே?

— அவனுக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டரய்யா. இந்த மாதிரி விஷயத்தைத் தம்பிகிட்டயா சொல்லிக்கிட்டு இருப்பாங்க? அவன் வேணும்னே மாத்திச் சொல்லுவான்.

— ஹலோ? வட்டக் கட்சி அலுவலகமா? ராட்டிங்கர் பேசுறேன், ஆய்வுக்கூடத்துலேருந்து. பிஹ்லர்னு ஒரு காவலாளி... ஆமா, அவரேதான். அங்கயே இருக்காரா? நல்லது. ஷ்டாங்கல்னு ஒரு ரொட்டிக்காரர்தான் அவர் அக்கா பொண்ணுக்குத் தகப்பனான்னு சாட்சி சொல்லணும், உடனே வரச் சொல்லுங்க. ட்ராம்ல நாப்பது நிமிஷமா? சரி. மூணாம் மாடி... ஏன் அம்மணி, முகம் வெளுத்துப் போச்சு?

— மாடி ஏறினது. ஒண்ணுமில்ல.

— அவர் வர்றதுக்குள்ள படங்களைப் பாத்துடலாம். ரெண்டு கொண்டு வந்தீங்க. இது உங்க புருஷன், லெயோ ஹிர்ஷல். இது ரொட்டிக்காரர் ஷ்டாங்கல். பின்னாடி பேர் எழுதியிருக்கு. நீங்க எழுதினதா?

— நான்தான்.

— கவனிங்க, பேரை மறைச்சு வச்சுட்டே சொல்றேன். இதோ, சாராயக்கடை மேஜையில உக்காந்திருக்கானே, கறுப்புச் சுருட்டை முடி. மூக்கு நுனி வளைஞ்சு, அப்படியே ஆறாம் நம்பர் எழுதின மாதிரி. கீழுதடு தொங்குது. கண்ணுல ஒரு பேரம் பேசுற பார்வை. பாடப் புத்தகத்துல போடலாம். வகுப்புல பசங்களுக்குக் காட்ட இப்படி ஒண்ணைத் தேடிக்கிட்டே இருந்தேன். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு இவன் எதிர்ல வந்தாலும் அடையாளம் சொல்வேன். சதைக்குத்தான் வயசாகும், எலும்புக்கு ஆகாது.

— நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— இவர் பாருங்க, ராஜாவோட பட்டாளத்து உடுப்பு, நெஞ்சுல பதக்கம். நெத்தி எப்படி நேரா இறங்குது! கண்ணுல ஒளிவுமறைவே இல்ல. மலை நாட்டு விவசாயி ரத்தம். ரொட்டி சுடப் பிறந்தவர் இல்ல, அம்மணி. உங்க ரசனையைப் பாராட்டுறேன்.

— நல்ல மனுஷன்தான் அவரு.

— பொண்ணே, இங்க வா. பின்பக்கத்தைத் திருப்பாதே. முகத்தை மட்டும் பாத்துச் சொல்லு. இந்தச் சாராயக்கடைப் படத்துல இருக்கறது யாரு?

— ...

— தெரியலையா?

— ...

— கேக்குறாரு இல்ல, இர்மா. சொல்லு.

— அப்பா.

— எந்த அப்பா? உன்னை வளர்த்தவனா?

— ஆமா. என் அப்பாதான். லெயோ ஹிர்ஷல்.

— ஏன் இவ்வளவு நேரம் யோசிச்சே?

— இந்தப் படத்தை நான் பாத்ததில்ல. சின்ன வயசுல எடுத்தது.

— உன்னை எப்படிக் கூப்பிடுவான்?

— சிட்டுன்னு. சிட்டுக்குருவி, சிட்டு. கடையிலேருந்து வந்ததும் கோட்டுப் பையில கைய விடச் சொல்லுவாரு. உடைஞ்ச கடிகாரத்துச் சக்கரம் ஏதாவது இருக்கும்.

— இவர்? இந்தப் பட்டாளத்துக்காரர்? பாத்திருக்கியா?

— இல்ல.

— நல்லாப் பாரு.

— பாத்தேன். இவரு யாருன்னே எனக்குத் தெரியாது.

— அழறியா?

— விளக்கு கண்ணக் கூசுது.

— சரி, நகரு. அளக்கலாம். மூக்கு வேர்... ரொட்டிக்காரரோடது. நெத்தி ரொட்டிக்காரர். கண் இடைவெளி ரொட்டிக்காரர். மேல்காது, அட, அச்சு அசல்! அம்மணி, நீங்க கையெழுத்தே போட்டிருக்க வேண்டாம். மாத்தி வச்சாக் கூடக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு... ம்ம்.

— என்னாச்சு?

— இது இடிக்குது.

— எது, டாக்டரய்யா?

— தாடை. நடுவுல இந்தக் குழி. ரொட்டிக்காரருக்கு இது இல்ல. யூதனுக்கு இருக்கு. பக்கவாட்டு வளைவு கூட... அப்படியே அவனோட தாடை. கவனிங்க, இதை நான் சும்மா விட முடியாது. ஒரு அடையாளம் போதும், மொத்தமும் கவிழ்ந்துடும்.

— அது என் தாடை, டாக்டரய்யா.

— என்ன?

— முக்காட்ட எடுக்குறேன், பாருங்க. இந்தா, இதே குழி. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. இடுக்கிய இங்க வைங்க. வைங்கய்யா, எனக்குச் சில்லுனு இருந்தாப் பரவாயில்ல.

— திரும்புங்க. வெளிச்சத்துப் பக்கம்... முப்பத்தி நாலு. பொண்ணுக்கு முப்பத்தி நாலு. ஆமா. தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்துது. எழுதிக்கிறேன்: தாடை, தாய் வழி. முடிஞ்சது.

— முடிஞ்சுதா?

— அளவு முடிஞ்சது. இனி உங்க தம்பி வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா முத்திரை குத்திடலாம். மணி என்ன, மூணே கால். வந்துடுவார். உக்காருங்க.

— உக்காரலாம். காத்திருக்கலாம். கதவு பூட்டுற ஒருத்தன் வந்து, மூக்கு யாரோடதுன்னு சொல்லட்டும். நீங்க எழுதிக்குங்க.

— அப்படி யார் சொன்னா?

— நீங்கதானய்யா ஃபோன் போட்டீங்க. இத்தனை இரும்ப வச்சு அளந்துட்டு, கடைசியில அவன் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்னா, பாவம், நீங்க படிச்ச படிப்புக்கு...

— அது நடைமுறை, அம்மணி. நடைமுறைக்காகக் கூப்பிட்டது.

— அவன் இல்லைன்னு சொன்னா உங்க எலும்பு பொய்யாயிடுமா?

— பொய்யாகாது.

— அப்புறம் அவன் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நான் படிக்காதவ, புரியாமத்தான் கேக்குறேன்.

— கேள்வி சரியான கேள்விதான். அந்த மைப்பெட்டியை இப்படித் தள்ளுங்க. “இர்மா, தகப்பன் ஆலோய்ஸ் ஷ்டாங்கல், ஜெர்மானிய ரத்தம். ஐயத்துக்கு இடமில்லை.” தேதி. முத்திரை. இந்தாங்க. கீழ போலீஸ்காரர்கிட்டக் காட்டுங்க, பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சுடுவாங்க. பொண்ணே, அந்த நட்சத்திரத்தை இன்னிக்கே பிரிச்சுடு. இனிமே அதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாத்தான் குற்றம்.

— டாக்டர், அந்தப் படத்தை நான் வச்சுக்கலாமா? பட்டாளத்துக்காரர் படத்தை?

— பாத்தீங்களா, அம்மணி! இது வரைக்கும் கண்ணால கூடக் காணாத தகப்பன். ரத்தம் இழுக்குது. இதைத்தான் நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. தர முடியாது, பொண்ணே. ரெண்டு படமும் கோப்புல இருக்கணும். போயிட்டு வா.

— வா, இர்மா. நன்றி, டாக்டரய்யா. ரொம்ப நன்றி... இந்தப் பக்கம்டி. கைப்பிடியப் பிடிச்சுக்க. நட.

— ம்மா.

— இங்க பேசாத. கதவுக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

— அந்தச் சாராயக்கடைப் படம் ஃபெர்டில் மாமாவோடது.

— தெரியும்.

— மாமா படத்துல அப்பா பேரை எழுதியிருக்க. அப்பா படத்துல ரொட்டிக்காரர் பேரை எழுதியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்ப. உனக்கு நடிக்க வராது. ரொட்டிக்காரருக்குப் படமே கிடையாதுடி. அவரு வழுக்கை, குட்டை, முகமெல்லாம் மாவு. எனக்கு அவரு காலை வணக்கம் சொன்னதோட சரி. உன் மூஞ்சி உங்க அப்பா மூஞ்சி. அதை எங்க கொண்டு போய் ஒளிக்க? அதான் மூஞ்சிய விட்டுட்டுப் பேர மாத்தினேன்.

— சரி, மாமா எதுக்கு?

— யூதன்னு காட்ட ஒரு மூஞ்சி வேணுமில்ல? வீட்ல இருக்குற படத்துல கறுப்பா, மூக்கு நீளமா இருந்தது அவன்தான். நாலு தலைமுறை கத்தோலிக்க மூக்கு.

— தாடையால மாட்டியிருப்போம். உனக்கும் மாமாவுக்கும் ஒரே தாடை. ரெண்டும் அவரு கண்ணு முன்னாடி ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. அவரு சேத்துப் பாக்கவே இல்ல.

— எனக்கு அப்பத்தான் உறைச்சுது, தம்பின்னா தாடையும் வரும்னு. உசிரே போச்சு. அந்தப் படிவத்த நீ பாக்கலையா? புள்ளைக்கும் மொத ஆளுக்கும் ஒரு கட்டம், புள்ளைக்கும் ரெண்டாவது ஆளுக்கும் ஒரு கட்டம், புள்ளைக்கும் தாய்க்கும் ஒரு கட்டம். தாய்க்கும் அந்த ஆளுக்கும் கட்டம் இல்ல. கட்டம் இல்லாததை அவரு ஏன் பாக்கப் போறாரு?

— அப்பாவ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன்மா.

— சொன்னதாலதான் மாடி இறங்குற. எறங்கு. ஃபெர்டில் வந்து அந்தப் படத்தப் பாத்தான்னா... ஐயோ.

— யாரு, போல்டி அக்காவா! என்ன ரெண்டு பேரும் மூச்சு வாங்குறீங்க? நான் ஒண்ணு சொல்லட்டா, ட்ராம்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டே வந்தேன். ரொட்டிக்காரன் ஷ்டாங்கலாம்! அந்த ஆளு பகல் பூரா விட்ட குறட்டை நாலு மாடிக்கும் கேக்கும். அவனுக்கு எங்க நேரம்?

— வழிய விடு, ஃபெர்டில்.

— உங்க படுக்கையப் பத்தி என்கிட்டக் கேக்கக் கூப்பிட்டிருக்காங்க, அக்கா. எனக்குத்தான் வெக்கமா இருக்கு. நான் ஒண்ணு சொல்லட்டா? உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன். மனசுல வச்சுக்காத.

— மாமா, முத்திரை குத்தியாச்சு.

— குத்தினதை அழிக்க முடியாதா, இர்மா? டாக்டர்கிட்டப் படம் எதுவும் குடுத்தீங்களா? லெயோவை எனக்குத் தெரியும், ஷ்டாங்கலையும் தெரியும். ஒரு பார்வை பாத்தாப் போதும்.

— என்னைப் பனிவண்டில வச்சு இழுத்துட்டுப் போனீங்களே, மாமா. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அப்ப சட்டம் வேற. மேல தெரியுதே, அந்தக் கதவுதானே?

— ம்மா, தட்டுறாரு.

— நட. ஓடாத. காகிதத்தக் கையில புடி, தெரியுற மாதிரி.

— வணக்கம், டாக்டர். பிஹ்லர், ஃபெர்டினாண்ட் பிஹ்லர். ஃபோன்ல கூப்பிட்டீங்களாமே.

— வெளிச்சத்துக்கு வா.

— என்ன, டாக்டர்?

— தொப்பியை எடு. தலையை இடது பக்கம் திருப்பு... கடவுளே. என்ன தைரியம் உனக்கு! அந்தப் பொம்பளைக்கு முகம் ஏன் வெளுத்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. உள்ள போ.

— மரியாதையாப் பேசுங்க, டாக்டர். நான் முப்பத்தி ஆறுலேருந்து கட்சியில இருக்கேன்!

— உள்ள போன்னு சொன்னேன்.

— ம்மா, அவரு மாமாவப் போய்... சொல்லணும்மா. திரும்பிப் போய் அது மாமான்னு சொல்லணும்.

— சொல்லு. போய்ச் சொல்லு. வியாழக்கிழமை நீ ரயில்ல இருப்ப, ஞாயித்துக்கிழமை அவன் நம்ம ஜன்னல்ல உக்காந்திருப்பான்.

— அடையாள அட்டையக் காட்டினா விட்டுடுவாங்களா?

— விட்டுடுவாங்க. எப்பன்னு தெரியாது. அதுக்குள்ள நாம எங்கயாவது போயிருக்கணும். இன்னும் ரெண்டு மாடி இருக்கு, பாத்து எறங்கு.

— ம்மா, கேளு, சத்தம் போடுறாரு.

— ஏன் பூட்டுறீங்க? டாக்டர், சாவியக் குடுங்க! இந்தாங்க, என் அட்டை, பேரு, முத்திரை, எல்லாம் இருக்கு, படிச்சுப் பாருங்க!

— அதைப் பையில வை. காகிதம் யார் வேணும்னாலும் எழுதிக்கலாம், உன் முகத்தை நான் இன்னிக்கு ரெண்டு தடவை அளந்தாச்சு. உக்காரு, ஹிர்ஷல். கதவு பூட்டியாச்சு.